பதவி உயர்வுக்கு வாழ்த்துப் போடுபவர்களே, அவர் என்ன ஆய்வு செய்தார் என்றும் எழுதுங்கள்

வெள்ளவத்தை வாசகி

எல்லோருக்கும் வணக்கம். கம்பஸில் படிப்பிப்பவர்களும் வேலை செய்பவர்களும் இங்கே கனபேர் இருப்பதால் கேட்கிறேன். முகப்புத்தகத்தைத் திறந்தால் ஒரே வாழ்த்துத்தான். ஒருவர் இணைப் பேராசிரியர் ஆகியிருக்கிறார், இன்னொருவர் சிரேஷ்ட பேராசிரியர், ஒருவருக்கு ஆய்வுக்கான ஜனாதிபதி விருது, ஒருவர் உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள் பட்டியலில் வந்திருக்கிறார், நூலகத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி கலாநிதிப் பட்டம் முடித்திருக்கிறா. எனக்கு உண்மையிலேயே பெருமை, எல்லாவற்றுக்கும் போய் வாழ்த்தும் போட்டேன். ஆனால் ஒரு பதிவிலாவது அந்த மனிதர் எதை ஆராய்ந்தார் என்று ஒரு வரி இருக்கிறதா என்றால் இல்லை. படம் இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது, பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், தாய் தகப்பன் பெயர் எல்லாம் இருக்கிறது. செய்த வேலையைத்தான் காணவில்லை.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் என்றால் அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வரைக்கும்தான் தெரியும். உள்ளே போன பிறகு அங்கே இருக்கும் பெரியவர்கள் காலையிலிருந்து பின்னேரம் வரை என்ன செய்கிறார்கள், விரிவுரை முடிந்த பிறகு ஏன் லாபில் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. போன கிழமை ஒரு பிள்ளை, "மிஸ், புரொபசர் ஆகிறதுக்கு எத்தனை வருசம் படிப்பிக்க வேணும்?" என்று கேட்டாள். வருசக் கணக்கில் கிடைக்கும் பதவி என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அவளில் பிழை இல்லை, நாங்கள் எழுதும் வாழ்த்துகளைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

என் கோரிக்கை சின்னது. உங்களுக்குத் தெரிந்த யாராவது உயர்வு பெற்றால், விருது பெற்றால், அவர் என்ன கேள்வியோடு உட்கார்ந்தார், என்ன கண்டார் என்று தமிழில் நாலு வரி எழுதுங்கள். வாழ்த்து அதற்குப் பிறகு வரட்டும்.

கம்பஸ் பழையவன்

அக்கா, நோக்கம் நல்லது, ஆனால் ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. ஒரு மனிதன் பேராசிரியர் ஆவதே எவ்வளவு பாடு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர வேண்டும், பிறகு வெளிநாட்டுக்கோ உள்நாட்டிலோ போய் மேற்படிப்பு முடிக்க வேண்டும், அதற்குப் பிணை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், அதற்கு மேலே சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டு தரம். பேராசிரியர் பதவிக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916 ஆம் இலக்கச் சுற்றறிக்கை என்று ஒன்று இருக்கிறது, அதன்படி ஆய்வுக்கு இத்தனை, படிப்பித்தலுக்கு இத்தனை, பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பணிக்கு இத்தனை என்று புள்ளி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும், ஒவ்வொரு மாநாட்டுக்கும் சான்று இணைக்க வேண்டும், கோப்பு இரண்டு கையாலும் தூக்கும் அளவுக்கு வரும். வெளியில் இருக்கும் நிபுணர்கள் அதைப் படித்து மதிப்பிடுவார்கள், பிறகு நேர்முகம்.

இதெல்லாம் முடிந்து ஒருவருக்குக் கடிதம் கிடைத்தால், அவருடைய தம்பியும் பள்ளிக்கூட நண்பனும் பொன்னாடைப் படம் போட்டு மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் ஆய்வுச் சுருக்கம் கேட்பது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஊரில் முதல் தலைமுறையாகப் படித்தவர் என்றால் அந்த ஊருக்கு அது திருவிழா. அவர்கள் கொண்டாடட்டும்.

வெள்ளவத்தை வாசகி

தம்பி, கொண்டாட வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. நீங்கள் இப்போது எழுதினீர்களே, சுற்றறிக்கை, புள்ளி, கோப்பு, நேர்முகம் என்று, இதையே நான் இப்போதுதான் முதல்முறை தமிழில் படிக்கிறேன். இத்தனை வருடம் கொழும்பில் இருக்கிறேன், கொழும்புப் பல்கலைக்கழகம் இருக்கும் தேர்ஸ்டன் வீதியால் கிழமைக்கு ஒருதடவையாவது போகிறேன், எனக்கே தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரிந்தால் அவர்கள் கொண்டாட்டம் கூடத்தானே செய்யும்?

எண்ணும் எழுத்தும்

முதல் 2 வீதப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும், அதைப் பற்றித்தான் ஆகக் கூடுதலான குழப்பம் இருக்கிறது.

பத்திரிகைகளில் "ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் விருது" என்று போடுகிறார்கள். அது விருது இல்லை. ஸ்டான்போர்டில் இருக்கும் ஜோன் அயோனிடிஸ் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும், எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் (அதாவது மற்றக் கட்டுரைகள் அவற்றை எத்தனை தரம் சுட்டியிருக்கின்றன என்பதையும்) கணக்கிட்டு வெளியிடும் தரவுத் தொகுப்பு அது. யாரும் விண்ணப்பிப்பதில்லை, யாரும் தேர்வு செய்வதில்லை, கணக்குப் போட்டால் யார் வருகிறாரோ அவர் வருகிறார். இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று தொழில் வாழ்க்கை முழுவதுக்கும், மற்றது ஒரு வருடத்துக்கு மட்டும். எங்கள் ஊர்ப் பதிவுகளில் எந்தப் பட்டியல் என்று சொல்வதே இல்லை, ஆனால் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

ஆறு அளவீடுகளைச் சேர்த்துத்தான் அந்தப் புள்ளியைக் கணிக்கிறார்கள். மொத்த மேற்கோள் எத்தனை என்பதோடு நிற்காமல், தனியாக எழுதியதா, முதல் பெயராக இருந்தாரா, கடைசிப் பெயராக இருந்தாரா என்பதையும் பார்க்கிறார்கள். ஒருவர் தன்னைத்தானே மேற்கோள் காட்டியதைக் கழித்த கணக்கும் தனியாகக் கொடுக்கிறார்கள். அந்த வகையில் மேற்கோளை மட்டும் எண்ணுவதை விட இது நேர்மையான முயற்சி என்று நான் நினைக்கிறேன். அந்தப் பட்டியலில் ஒருவர் வந்தால் உண்மையிலேயே பலர் அவருடைய வேலையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் ஸ்கோபஸுக்குள் இல்லாத எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. படிப்பித்தல் இல்லை. தமிழில், சிங்களத்தில் எழுதியதில் ஏறக்குறைய எதுவும் இல்லை. நூறு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதும் துறையும் ஒருவர் தனியாக நூலகத்தில் இருந்து எழுதும் துறையும் ஒரே வேகத்தில் மேற்கோள் பெறுவதில்லை. துறைவாரியாகப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள் என்றாலும் அது முழுதாகச் சரியாகிவிடாது. ஆகவே பட்டியலில் பெயர் வந்தவரை வாழ்த்துங்கள், பெயர் வராதவரை அதை வைத்து அளக்காதீர்கள்.

தமிழ் படிச்ச பிள்ளை

எண்ணும் எழுத்தும் சொன்னதற்கு நன்றி. நான் தமிழ் சிறப்புக்கலை படித்தவள், அதனால் இது எனக்கு நேரடியாகச் சுடும் விஷயம்.

விபுலாநந்த அடிகளை எடுங்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர், அதோடு லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக வந்தார், அப்போது பல்கலைக்கழகம் இங்கே கொழும்பில்தான் இருந்தது. சிலப்பதிகாரத்தில் சொல்லப்பட்ட யாழும் பண்ணும் எப்படி ஒலித்திருக்கும் என்று இசைக் கணிதத்தைக் கொண்டு வருடக்கணக்காக ஆராய்ந்து யாழ் நூலை எழுதினார். 1947 இல் அது அரங்கேறியது, அதே வருடம் அவர் போய்விட்டார். முழுக்க முழுக்கத் தமிழில் எழுதிய ஆய்வு. இன்றைக்கு ஒரு இளம் விரிவுரையாளர் அப்படி ஒரு நூலில் தன்னுடைய பத்து வருடத்தைப் போட்டால் அவருக்கு நெருக்கமானவர்களே, "இதை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் ரெண்டு பேப்பர் போடு" என்றுதான் புத்தி சொல்வார்கள். என்னுடைய நண்பிக்கு அப்படித்தான் சொன்னார்கள், அவளும் கேட்டுவிட்டாள். அவள் தொடங்கியிருந்த நாட்டார் பாடல் தொகுப்பு பாதியில் நிற்கிறது, அந்தப் பாடல்களைச் சொன்ன ஆச்சிமாருக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் இருந்தபோது மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கு ஏற்றமாதிரிச் செம்மைப்படுத்தி மாணவர்களை ஆட வைத்தார். படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அது ஆய்வா, படிப்பித்தலா, கலையா? மூன்றும்தான். சுற்றறிக்கையில் படைப்பாக்கத்துக்கும் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் நடைமுறையில் கட்டுரை எண்ணுகிற அளவுக்கு யாரும் அதை எண்ணுவதில்லை.

கம்பஸ் பழையவன்

தங்கச்சி சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தமிழ் விமர்சகர்களான பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆங்கிலத்தில் கலாநிதி ஆய்வு செய்தவர்கள், இங்கே வந்து தமிழிலும் ஓயாமல் எழுதினார்கள். இரண்டு பக்கமும் நிற்க முடியும். ஆனால் அதற்கு ஒருவருக்கு நேரம் வேண்டும். இன்றைக்கு ஒரு துறையில் கனபேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இன்னும் மோசம், மிச்சம் இருப்பவர் மற்றவர்களுடைய பாடத்தையும் சேர்த்துப் படிப்பிக்கிறார்.

பதினைந்தாம் ஒழுங்கை

நான் கொஞ்சம் வெளிப்படையாகக் கேட்கிறேன், யாரும் கோபிக்கக் கூடாது. இலவசக் கல்வி, எங்கள் வரிப்பணம். ஒருவர் விருது வாங்குவதால் கொழும்பில் பஸ்ஸில் போகும் எனக்கு என்ன கிடைக்கிறது? இது குத்தலாகக் கேட்பதில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வாசகி அக்கா கேட்டதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

மருத்துவபீட மாடி

நல்ல கேள்வி, பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. நீங்கள் கொழும்பில் இருப்பதால் டெங்குவில் இருந்தே தொடங்குகிறேன்.

டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்து சுகமானால் அந்த வகை திரும்ப வராது, ஆனால் வேறொரு வகை வந்தால் அது கடுமையாகும் வாய்ப்புக் கூட. ஊரில் கன காலமாக ஒரு வகை சுற்றிக்கொண்டிருந்து திடீரென்று இன்னொன்று தலைதூக்கினால் பெரிய பரவல் வரும். 2017 இல் நாடு முழுவதும் 186,000 க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது, ஆஸ்பத்திரி விறாந்தைகளில் ஆட்கள் படுத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் மேலோங்கியது இரண்டாவது வகை. எந்த வகை சுற்றுகிறது என்று யாராவது வருடம் முழுவதும் இரத்த மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு அந்த வேலையை விடாமல் செய்கிறது. கொவிட் காலத்தில் எந்தத் திரிபு நாட்டுக்குள் வந்திருக்கிறது என்று மரபணுவைப் படித்துச் சொன்னதும் அதே ஆய்வுகூடம்தான்.

இன்னொன்று. 1990 களின் நடுப்பகுதியில் உலகிலேயே ஆகக் கூடிய தற்கொலை வீதம் இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று, அதில் பெரும் பங்கு பூச்சிகொல்லி குடித்து நடந்தவை. எந்தப் பூச்சிமருந்து குடித்தவர் பிழைக்கிறார், எது குடித்தவர் பிழைப்பதில்லை என்று இங்கத்தைய வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கணக்கெடுத்தார்கள். அந்தத் தகவல்தான் ஆகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்வதற்கு ஆதாரமாக நின்றது. 1995 இல் சில, 1998 இல் எண்டோசல்பான், 2008 இலிருந்து படிப்படியாக பரகுவாட் உட்பட மூன்று. இருபது வருடத்தில் தற்கொலை வீதம் சுமார் 70 வீதம் குறைந்தது. விளைச்சல் விழவில்லை. இன்றைக்கு மற்ற நாடுகள் இலங்கையைப் பார்த்துப் படிக்கின்றன. இதில் பங்கெடுத்த ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்து, நாங்கள் பொன்னாடைப் படம் மட்டும் போட்டால் அது அநியாயம் என்றே நான் சொல்வேன்.

பதினைந்தாம் ஒழுங்கை

இந்தப் பூச்சிகொல்லி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒரு இழப்பு உண்டு. இதை ஏன் யாரும் தமிழ்ப் பத்திரிகையில் பெரிதாகப் போடவில்லை?

லாப் தம்பி

நான் விரிவுரையாளர் இல்லை, தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்கே என்று சொல்லவில்லை. இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன், ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை, அதனால் நானே வருகிறேன்.

2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், அது எல்லோருக்கும் தெரியும். எங்கள் இடத்தில் மறை 80 பாகையில் வைக்க வேண்டிய மாதிரிகள் இருந்தன, பல வருடமாகச் சேர்த்தவை, ஒருதடவை உருகினால் அவ்வளவுதான், திரும்ப எடுக்க முடியாது, ஏனென்றால் அந்த நோயாளியின் அந்த நாள் திரும்ப வராது. ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. எங்களோடு வேலை செய்த ஆய்வுகூட உதவியாளர் அண்ணை கானை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார், இரவு முழுவதும். நாங்கள் ஒவ்வொரு உறைபெட்டியின் வெப்பநிலையையும் எழுதி எழுதி, குறைய மாதிரி இருக்கும் பெட்டியில் உள்ளதை மற்றப் பெட்டிக்கு மாற்றி, கதவை ஆகக் குறைந்த தடவை திறந்து ஒருமாதிரிக் காப்பாற்றினோம். அந்த மாதிரிகளை வைத்துப் பிறகு கட்டுரைகள் வந்தன. நல்ல சஞ்சிகையில் வந்தன, நான் சந்தோசப்பட்டேன். நன்றி தெரிவிக்கும் பகுதியில் அந்த அண்ணையின் பெயர் இல்லை. கேட்டபோது "ஆய்வுகூட ஊழியர்களுக்கு நன்றி" என்று பொதுவாகப் போட்டதாகச் சொன்னார்கள். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், ஒரு வாழ்த்துப் பதிவும் வரவில்லை.

2024 இல் மே மாதம் தொடங்கிக் கல்விசாரா ஊழியர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தோம். சரியா பிழையா என்று இங்கே விவாதிக்க வரவில்லை. ஆனால் நாங்கள் இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்று அப்போதுதான் கனபேருக்குத் தெரிந்தது. பரீட்சைப் பெறுபேறு, நூலகம், ஆய்வுகூடம், தண்ணீர், விடுதி, எல்லாம்.

எண்ணும் எழுத்தும்

லாப் தம்பி, உங்கள் பதிவை இரண்டு தரம் படித்தேன். இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று பதினான்கு வகையாகப் பிரித்து எழுதும் முறை ஒன்றைப் பல சஞ்சிகைகள் இப்போது கேட்கின்றன. கருத்தைத் தந்தவர், தரவைப் பராமரித்தவர், கருவியையும் மாதிரியையும் தந்தவர், பணம் தேடியவர் என்று தனித்தனி. மாதிரியைக் காப்பாற்றியவருக்கு அதில் இடம் கண்டுபிடிக்கலாம். குறைந்தபட்சம் நன்றிப் பகுதியில் அவர் சம்மதத்தோடு முழுப் பெயரைப் போடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, எந்தச் சுற்றறிக்கையும் தடுக்காது. இதை வாசிக்கும் விரிவுரையாளர்கள் அடுத்த கட்டுரையிலேயே செய்யுங்கள்.

மெல்பேர்ண் பொடியன்

நானும் கொழும்பில் இருந்து போனவன். கணிதப் பேராசிரியர் எலியேசரின் பெயரை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். கேம்பிரிட்ஜில் டிராக் என்ற பெரிய பௌதிகவியலாளரிடம் ஆய்வு செய்தவர், புரோட்டனை நோக்கிப் போகும் எலக்ட்ரன் கதிர்வீச்சை வெளியிடும்போது அதன் இயக்கம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, டிராக்கின் சமன்பாட்டின்படி அது புரோட்டனைச் சென்று முட்டாது என்று 1943 இல் காட்டியவர். பிறகு கொழும்பில் கணிதப் பேராசிரியர், அதற்குப் பிறகு மலாயா, கடைசியில் இங்கே லா ட்ரோப் பல்கலைக்கழகம். இங்கே தமிழ்ச் சங்க மேடைகளில் அவரைப் பெரிய மனிதராக நினைவுகூர்வார்கள், ஆனால் அந்த எலக்ட்ரன் கதையை ஒருவரும் சொல்வதில்லை. வாசகி அக்கா சொல்வது புதுப் பழக்கமில்லை, எங்களுக்குப் பழைய வியாதி.

வெள்ளவத்தை வாசகி

எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பூச்சிகொல்லிப் பதிவை அச்செடுத்து வகுப்பில் வாசிக்கப் போகிறேன், உயர்தரப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். லாப் தம்பி, அந்த அண்ணை சம்மதித்தால் அவரைப் பற்றி நாலு வரி இங்கே எழுதுங்கள், பெயர் போட விருப்பமில்லை என்றால் வேண்டாம், வேலையை எழுதுங்கள் போதும்.

கம்பஸ் பழையவனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொன்னாடைப் படம் போடும் தம்பிக்கு அண்ணன் என்ன ஆராய்ந்தார் என்று தெரியாமலும் இருக்கலாம். அதனால் எழுத வேண்டியது அவருடைய மாணவர்களும் கூட வேலை செய்தவர்களும்தான். ஊர்க்காரர் படம் போடட்டும், மாணவர் கீழே வந்து நாலு வரி எழுதட்டும்.

கம்பஸ் பழையவன்

அது சரி அக்கா. அப்படி என்றால் எனக்கும் சம்மதம். நானே தொடங்குகிறேன், ஆனால் எனக்குத் தெரிந்த கணினிப் பக்கத்தில் இருந்து.

நீங்கள் எல்லோரும் தினமும் அடிக்கும், இலங்கை இணையத்தளங்களின் .எல்கே (.lk) முகவரியை 1990 இலிருந்து ஒழுங்கு செய்து நடத்தியது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்து தொடங்கிய முயற்சி, பேராசிரியர் கிஹான் டயஸ் அதில் முன்னின்றார். 2010 இல் .இலங்கை என்று தமிழிலேயே முகவரி முடியும் வழியும் வந்தது. அதற்குப் பிறகு, மொறட்டுவையில் தொடங்கி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு தொடரும் இன்னொரு வேலை தமிழிமோர்ப் என்ற கருவி. "போய்க்கொண்டிருந்திருப்பார்களோ" என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம், ஆனால் கணினிக்கு அதில் எது வினையடி, எது காலம், எது இடம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதைத்தான் அந்தக் கருவி செய்கிறது. அதைப் பற்றிய கட்டுரை 2021 இல் வந்தது, கருவியை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தேடுபொறி, எழுத்துப்பிழை திருத்தி, மொழிபெயர்ப்பு என்று தமிழில் எது செய்யப் போனாலும் இந்த மாதிரி அடித்தளம் வேண்டும்.

தமிழ் படிச்ச பிள்ளை

இது எனக்கு உடனே தேவையான ஒன்று. நாட்டார் பாடல்களில் வரும் வட்டார வினைவடிவங்களை அது பிரிக்குமா? என் நண்பியின் தொகுப்பில் தட்டச்சு செய்த பகுதி இருக்கிறது, சோதித்துப் பார்க்கலாம்.

கம்பஸ் பழையவன்

எழுத்துத் தமிழை வைத்துச் செய்தது, வட்டார வடிவம் எல்லாவற்றுக்கும் ஓடாது என்றுதான் நினைக்கிறேன். பத்துப் பாடல் அனுப்புங்கள் தங்கச்சி, சனிக்கிழமை போட்டுப் பார்த்து எங்கே தடுக்குது என்று இங்கேயே எழுதுகிறேன். நண்பியையும் இந்த இழைக்கு வரச் சொல்லுங்கள்.